உப்புத் தண்ணி ஊரில் வீட்டுக்குள் செடி வளர்ப்பது எப்படி

மணி பிளான்ட்டின் இலை நுனி பழுப்பாகக் கருகுகிறது. “தண்ணி பத்தலையாட்ட இருக்குது” என்று இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். இரண்டு வாரத்தில் அடி இலை மஞ்சளாகிறது. மறுபடி ஒரு சொம்பு. கொங்குப் பக்கம் வீட்டுக்குள் வைத்த செடிகள் காய்ந்து சாவதைவிட இப்படி வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். நுனி கருகியதற்குத் தண்ணீர் குறைந்தது காரணமாக இருக்காது. அதில் கரைந்திருந்த உப்பாகத்தான் இருக்கும். ஆகவே உரம், மருந்து என்று போவதற்கு முன்னால் குழாயிலிருந்து தொடங்குவோம்.

எந்தத் தண்ணீர்

வீட்டுக்கு எத்தனை வகைத் தண்ணீர் வருகிறது என்று கணக்கெடுங்கள். கோவைக்குச் சிறுவாணியும் பில்லூரும், ஈரோடு கரூர் பக்கம் காவிரி, இன்னும் சில ஊர்களுக்குப் பவானி. இவையெல்லாம் ‘நல்ல தண்ணி’. இதைக் குடிக்கப் பிடித்து மூடி வைத்துவிட்டுச் செடிக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்பான போர்த் தண்ணியை ஊற்றுவதுதான் பெரும்பாலான வீட்டு வழக்கம்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேனா அளவுதான் இருக்கும். ஒவ்வொரு தண்ணீரிலும் விட்டுப் பாருங்கள். 300-க்குள் காட்டினால் எந்தச் செடிக்கும் தாராளமாக ஊற்றலாம். 300 முதல் 700 வரை என்றால் ஊற்றலாம், ஆனால் மாதம் ஒரு முறை தொட்டியை அலச வேண்டும். அதற்கு மேல் ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ (ZZ) போன்ற முரட்டுச் செடிகள் சமாளிக்கும். பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட், காலத்தியா இவையெல்லாம் சமாளிக்காது. 1000-ஐத் தாண்டினால் நல்ல தண்ணியைப் பாதிக்குப் பாதி கலக்காமல் எதற்கும் ஊற்றாதீர்கள்.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 500 வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறது. தொட்டிக்குள் அடைபட்ட வேருக்கு அந்தச் சலுகை கிடையாது. தோட்டத்தில் மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். 1000 டி.டி.எஸ். என்றால் லிட்டருக்கு 1 கிராம். 8 அங்குலத் தொட்டிக்கு வாரம் இரண்டு முறை அரை அரை லிட்டர் ஊற்றி அடியில் எதுவும் வடியாமல் பார்த்துக்கொண்டால், ஆண்டுக்கு 50 கிராம் உப்பு அந்தத் தொட்டிக்குள் சேர்ந்திருக்கும். தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது அதுதான். அதைச் சுண்ணாம்பு என்று சுரண்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களில் பாதி வேலைக்காகாது. ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. காய்ச்சி ஆறவைத்தால் சுண்ணாம்புக் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும், சோடியமும் குளோரைடும் அப்படியே இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ‘சாப்ட்னர்’ போட்ட தண்ணீர் வருமே, சோப்பு நன்றாக நுரைக்குமே, அது செடிக்கு மூலத் தண்ணியைவிடக் கெடுதல். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. ஆர்.ஓ. கருவியிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் செடிக்கு விடுகிறவர்கள் நிறைய. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே கிடைக்கும் நல்ல தண்ணீர் மூன்று. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. குழாய் முனையில் ஒரு கேனை வைத்தால் ஓர் இரவில் சில லிட்டர் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையை மொட்டை மாடியிலிருந்து பிடிக்கலாம். முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு, பிடித்ததைக் கொசு புகாமல் மூடி வையுங்கள். மூன்றாவது, நல்ல தண்ணியில் அரிசி களைந்த நீர். அதை அன்றைக்கே, இன்னொரு மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். புளிக்கவிட்டு ஊற்றினால் தொட்டியைச் சுற்றிக் கொசு போன்ற சின்னக் கறுப்பு ஈ மொய்க்கும்.

உப்புத் தண்ணியைத் தவிர வேறு வழியில்லை என்றால் மாதம் ஒரு முறையாவது அலசுங்கள். மேல் மண்ணில் வெள்ளை படிந்த அரை அங்குலத்தை வழித்து எறியுங்கள். தொட்டியைக் குளியலறைக்கோ பொடக்காலிக்கோ கொண்டுபோய், கிடைத்ததில் நல்ல தண்ணியைத் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றுங்கள். 6 அங்குலத் தொட்டிக்கு 4 முதல் 5 லிட்டர், 8 அங்குலத்துக்கு 8 முதல் 10 லிட்டர். ஒரேயடியாகக் கொட்டாமல், கால் மணி நேரம் எடுத்து, விட்டு விட்டு ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் தண்ணீர் ஓரமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், நடுவில் இருக்கும் உப்பு அசையாது. வடிகிற நீரில் மீட்டரை விடுங்கள். முதலில் 2000, 3000 என்று காட்டி, ஊற்ற ஊற்ற இறங்கும். ஊற்றும் தண்ணீரின் அளவை நெருங்கியதும் நிறுத்தலாம்.

புதுத் தளிர் மஞ்சளாகவும் அதன் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் அது வேறு சேதி. கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி, இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் பூட்டிவிட்டது. 10 லிட்டர் வாளிக்கு ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வடிகட்டி மாதம் ஒரு முறை ஊற்றினால் காரம் குறையும். சோடியத்தை இது ஒன்றும் செய்யாது, அதற்கு அலசல்தான். சேலம், தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் உண்டு. ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் டிரசீனாவுக்கும் அது ஆகாது. என்ன அலசினாலும் நுனி கருகும். அங்கே இந்த இரண்டையும் மழைநீரில் மட்டும் வளர்க்கலாம், அல்லது வேறு செடி வாங்கலாம்.

தொட்டிக்குள் போடுவது

வெறும் தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். கரிசல் என்றால் நனைந்தால் களி, காய்ந்தால் வெடிப்பு. இரண்டுமே வேரை அறுக்கும். செம்மண் பரவாயில்லை, ஆனால் அதுவும் தனியாக இறுகிவிடும்.

நமக்கு வாய்த்த பொருள் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சியிலிருந்து கப்பல் ஏறிப் போகும் கோகோபீட் கட்டி இங்கே எந்த நர்சரியிலும் கிடைக்கும். 650 கிராம் கட்டி 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் குடித்து 8, 9 லிட்டர் அளவுக்குப் பெருகும். ஊறினதும் அப்படியே தொட்டிக்குள் போடுவதுதான் முதல் தப்பு. தென்னை மட்டையிலேயே உப்பு உண்டு. நாரெடுக்க மட்டையை ஊறப்போட்ட தண்ணீரைப் பொறுத்து மேலும் ஏறியிருக்கும். கழுவாத கட்டியை ஊறவைத்துப் பிழிந்து மீட்டரை விட்டால் எண்ணே சொல்லிவிடும். நல்ல தண்ணியில் ஊறவைத்து, பழைய கொசுவலையில் கட்டிப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து என மூன்று முறை செய்யுங்கள். பிழிந்த நீர் 500-க்குக் கீழ் வந்தால் போதும். நாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விரட்டக் கடைசிக்கு முந்தைய அலசலில் ஒரு கட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் அளவு, கால்சியம் நைட்ரேட் கரைத்து இரவு முழுக்க வைத்துக் காலையில் பிழிந்துவிடலாம். உரக்கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி இவற்றுக்கு: கழுவிய கோகோபீட் 4 பங்கு, மண்புழு உரம் 2, கருக்கிய உமி 2, தேங்காய்த் தொட்டிக் கரி அல்லது தென்னை மட்டைத் துண்டு 2. கரி சுண்டைக்காய் அளவில் இருக்கட்டும், பொடியைச் சலித்துவிடுங்கள். உமியில் கவனம் வேண்டும். கறுப்பாகக் கருகிய உமிதான் காற்றோட்டம் தரும். ரைஸ் மில் கொதிகலனிலிருந்து வரும் வெள்ளைச் சாம்பல் மாவுபோல் இறங்கி அடைத்துக்கொள்ளும், காரமும் அதிகம்.

ஸ்நேக் பிளான்ட், ஜீஜீக்கு: செம்மண் 2 பங்கு, தூசி போகக் கழுவிய பருமனான எம்-சேண்ட் 3, கோகோபீட் 2, மண்புழு உரம் 1, உடைத்த நாட்டு ஓட்டுச் சில்லு 2. பூச்சு வேலைக்கான பி-சேண்ட் வேண்டாம், சிமெண்ட் போல் இறுகும். ஸ்நேக் பிளான்ட் எங்கிருந்தோ வந்த ஆடம்பரச் செடி என்று நினைக்க வேண்டாம். நம்மூர் வறண்ட காட்டு ஓரத்தில் நிற்கும் மருளும் அதன் பங்காளிதான். மருள் எப்படிப்பட்ட மண்ணில் நிற்கிறது என்று பார்த்தாலே கலவை புரிந்துவிடும்.

தொட்டி அடியில் ஜல்லி பரப்புவது காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதனால் வடிகால் ஒன்றும் மேம்படாது. பொடி மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்து ஊறிய பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டால் அந்தச் சதசதப்பு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான். துளையின் மேல் உள்ளங்கையளவு கரூர் நைலான் கொசுவலைத் துண்டு போட்டால் மண் ஒழுகாது, தண்ணீர் நிற்காது. துளையில்லாத பீங்கான் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் நேரடியாக நடாதீர்கள். துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

எப்போது ஊற்றுவது

“வாரத்துக்கு எத்தனை தடவைங்க?” என்பதற்குப் பதில் கிடையாது. ஜன்னலோரத்தில் மூன்று நாளில் காய்வது அறை மூலையில் பதினைந்து நாள் ஈரமாக இருக்கும்.

கோகோபீட் ஏமாற்றும். மேலே வெளிர் பழுப்பாக, தொட்டால் பொடிபோல் இருக்கும். அடியில் பிழிந்தால் தண்ணீர் வரும். விரல் ஒரு அங்குலம்தான் போகும். அதனால் விளக்குமாற்றிலிருந்து தடிமனான ஓர் ஈர்க்கை உருவி, வேர்க்குத்தல் இல்லாமல் ஓரமாக, அடி தட்டும்வரை செருகுங்கள். பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். ஈர்க்கின் கீழ்ப்பாதி நிறம் கறுத்து, நார்த்துகள் ஒட்டியிருந்தால் இன்னும் ஊற்ற வேண்டாம். நுனியில் மட்டும் லேசாகக் கறுத்திருந்தால் மணி பிளான்ட் வகைக்கு ஊற்றலாம். நுனிவரை காய்ந்து சுத்தமாக வந்தால் பீஸ் லில்லி ஏற்கெனவே துவண்டிருக்கும். ஸ்நேக் பிளான்ட்டும் ஜீஜீயும் அதற்குப் பிறகும் ஒரு வாரம் பொறுக்கும். மூக்கையும் பயன்படுத்துங்கள். ஈர்க்கில் மழை மண் வாசம் வந்தால் சரி, சாக்கடை வாடை வந்தால் கீழே வேர் மீட்புப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்ற வேண்டும். 6 அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய 300 முதல் 400 மில்லி. இருபது நிமிடம் கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் கால் டம்ளர் தெளிப்பது மோசமான பழக்கம். மேல்வேர் அழுகும், அடிவேர் காயும், உப்பு எங்கேயும் போகாது.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது கோகோபீட் சுருங்கித் தொட்டியை விட்டு விலகியிருந்தால் மேலே ஊற்றிப் பயனில்லை, இடுக்கு வழியே ஓடிவிடும். ஒரு போசியில் நான்கு விரல் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் தொட்டியை உட்கார வையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

வெளிச்சம்

வெளிச்சம்தான் சாப்பாடு. உரம் அதற்குப் பக்கத்தில் வைக்கும் ஊறுகாய். நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் ஏமாறுகிறோம். ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு விழுந்துவிடும். மதியம் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும் நிழல் என்றால் எந்த இலைச்செடிக்கும் போதும். மங்கலான திட்டாக விழுந்தால் ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ, பச்சை இலை அக்லோனிமா. நிழலே விழாவிட்டால் அங்கே செடி வைக்காதீர்கள், அல்லது 15, 20 வாட்ஸ் வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஓரடி உயரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருந்தால், 500-க்குக் கீழ் செடி வளராது, வெறுமனே தாக்குப்பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல் திசை பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இங்கே பொருந்தாது. ‘வடக்கு ஜன்னலில் வெயில் விழாது’ என்பது வட தேசத்துக் கணக்கு. கோவை 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்ந்து வெயில் அடிக்கும். வைகாசியில் அங்கே வைத்த பீஸ் லில்லி ஏன் வெளுத்தது என்பதற்கு விடை இதுதான். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடுவதால் சன்ஷேடைத் தாண்டித் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் வரும். கிழக்கு ஜன்னல் ஆண்டு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மேற்கு ஜன்னலில் பங்குனி முதல் மெல்லிய திரைச்சீலை போட்டே தீர வேண்டும். கருகிய தழும்பு ஆறாது, அந்த இலை உதிரும்வரை இருக்கும்.

‘காற்றைச் சுத்தப்படுத்தும் செடி’ என்று நர்சரியில் எழுதி வைத்திருப்பதற்காக இருட்டுப் படுக்கையறையில் பத்துத் தொட்டி அடுக்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் நாசாவின் 1989 ஆய்வு. அது மூடிய பெட்டிக்குள் செய்தது. ஜன்னல் திறந்த அறைக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, கூடினால் 1000 வரை வேண்டும் என்று 2019-இல் வந்த மறுஆய்வு கணக்குப் போட்டது. செடியைக் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று வையுங்கள், போதும்.

மேக்காத்து மாதங்கள்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசியில் தொடங்கி ஆவணிவரை அடிக்கும் காற்று, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதோடு நம் ஜன்னலோரத் தொட்டியையும் உறிஞ்சும். பொள்ளாச்சியிலும் கோவை மேற்கிலும் அதோடு சாரல் வரும். திருப்பூர், தாராபுரம், காங்கயம் போகப் போக வறட்டுக் காற்றுதான் மிச்சம். வாரம் ஒரு முறை தண்ணீர் கேட்ட செடி மூன்றாம் நாள் கேட்கும். மேற்கு ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே நகர்த்துங்கள், தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள்.

இலைமேல் நீர் தெளிப்பது அழகாக இருக்கும், பலன் சில நிமிடம்தான். உப்புத் தண்ணியைத் தெளித்தால் இலை முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். அதற்குப் பதில் வாரம் ஒரு முறை தூசியைத் துடையுங்கள். அடியில் ஓர் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு, நனைத்துப் பிழிந்த பனியன் வேஸ்ட்டால் காம்பிலிருந்து நுனி நோக்கி. இலையின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். பூச்சியை முதலில் பார்ப்பது அப்போதுதான். தேங்காயெண்ணெய் பூசிப் பளபளப்பாக்க வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். மேகமூட்டம், ஈரம், தொட்டி காயாது. அழுகல் வரும் மாதங்கள் இவை. ஈர்க்குக் காய்ந்து வராமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

பூச்சிகள்

மாவுப்பூச்சி இந்த மண்ணுக்குத் தெரிந்த எதிரி. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2008-இல் கோவையில்தான் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று காட்டை மொட்டையாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. வீட்டுச் செடியில் வருவது பெரும்பாலும் வேறு இனம், ஆனால் ஒன்று மட்டும் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்: வெளியே குளவி பார்த்துக்கொள்கிற வேலையை வீட்டுக்குள் நாம்தான் பார்க்க வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டையில் பஞ்சுபோல் இருக்கும். எறும்பு வரிசை தொட்டி ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காதுப் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்ட இடத்தில் பஞ்சு கரைந்து பழுப்பாகும். மறுநாள் மாலை வேப்பெண்ணெய்க் கரைசல். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி செக்கு வேப்பெண்ணெய், 2 மில்லி திரவச் சோப்பு. சோப்பை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, எண்ணெயை அதில் விட்டுப் பால்போல் வரும்வரை குலுக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். உப்புத் தண்ணியில் கலந்தால் சோப்பு திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும், அந்த எண்ணெய்தான் இலையைச் சுடுகிறது. ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மொத்தமும் அடியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை. ஒரே முறையில் நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பும்.

மேக்காத்து வறட்சியில் செம்பேன் வரும். இலை மங்கி, ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள். வெள்ளைத் தாள்மேல் இலையைத் தட்டினால் விழுந்த தூசி நடக்கும். குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தை நாலு நாளுக்கொரு முறை மூன்று தடவை நன்றாகக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். கொசு போன்ற சின்னக் கறுப்பு ஈ என்றால் தொட்டி ஈரம் அதிகம். மேல் ஓர் அங்குலம் காயவிட்டு, ஒரு விரற்கடை பருமணல் பரப்பி, மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகுங்கள். கடலைப் புண்ணாக்குக் கரைசல் தோட்டத்துக்குத்தான். வீட்டுக்குள் ஊற்றினால் ஈ, எறும்பு, நாத்தம் மூன்றும் சேர்ந்து வரும்.

வேர் அழுகிய செடியை மீட்பது

மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே செடியைப் பிரித்துப் பாருங்கள்.

1. தொட்டியைச் சாய்த்துத் தட்டிச் செடியை உருவி, வேரை ஓடுகிற தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள்.
2. ஒவ்வொரு வேரையும் இரு விரலால் மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெள்ளையாக விறைப்பாக இருக்கும். அழுகியதில் மேல்தோல் உறைபோல் கழன்று கையோடு வரும், உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் வெட்டுங்கள். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஆல்கஹாலில் துடையுங்கள்.
3. பாதி வேர் போனால் பாதி இலையும் போகட்டும். அடி இலைகளிலிருந்து எடுங்கள்.
4. மணி பிளான்ட் வகை என்றால் நிழலில் இரண்டு மணி நேரம், ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ என்றால் மூன்று முதல் ஐந்து நாள் வெட்டு வாயைக் காயவிடுங்கள்.
5. புதுக் கலவை, மிச்ச வேர் அளவுக்கே சின்னத் தொட்டி. பழைய பெரிய தொட்டியிலேயே வைத்தால் குடிக்க வேரில்லாமல் மறுபடி அழுகும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கரைத்து முதல் தண்ணீராக ஊற்றலாம். வேளாண் பல்கலைக்கழகத்திலும் உரக்கடைகளிலும் பாக்கெட்டாகக் கிடைக்கும்.
6. ஒரு மாதம் உரம் கூடாது, வெயில் கூடாது.

வேரே மிஞ்சவில்லை என்றால் மணி பிளான்ட்டைக் கணுவுக்குக் கீழே வெட்டிப் பாட்டிலில் நல்ல தண்ணி ஊற்றி வையுங்கள். மூன்று நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். ஸ்நேக் பிளான்ட்டின் மஞ்சள் ஓர இலையை வெட்டி நட்டால் முளைக்கும், ஆனால் மஞ்சள் ஓரம் வராது, வெறும் பச்சைதான் வரும். ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

வாங்கும்போதும் ஊட்டும்போதும்

இங்கே விற்கும் செடிகளில் பல ஆந்திராவின் கடியத்திலிருந்தும் திருச்சூர் மண்ணுத்தியிலிருந்தும் வருகிறவை. ஈரக் காற்றில் வளர்ந்தது திருப்பூர் வறட்சிக்கு வந்ததும் நாலு இலை உதிர்ப்பது சகஜம், பதறித் தொட்டி மாற்றாதீர்கள். பதினைந்து நாள் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வைத்து, இலைக்கு அடியில் பாருங்கள். அதன் பிறகு மாற்றும்போது வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருந்தால் அரை மணி தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து எடுங்கள். புதுத் தொட்டி இரண்டு அங்குலம் மட்டும் பெரிதாக இருக்கட்டும். மாசி நல்ல காலம். கத்திரி வெயிலில் வேண்டாம்.

உரம் குறைவாகவே போதும். தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சம அளவிலுள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், தளிர் விடும் மாதங்களில் நான்கு வாரத்துக்கொரு முறை, ஈர மண்ணில். மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். முட்டை ஓட்டுப் பொடி இங்கே தேவையே இல்லை, கால்சியம் குழாயிலேயே வருகிறது.

டிஃபன்பாக்கியா, மணி பிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி இவற்றின் இலையில் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகம் உண்டு. குழந்தையோ நாயோ கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். டிஃபன்பாக்கியாவைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது

ஸ்நேக் பிளான்ட்டும் ஜீஜீயும் பத்து நாள் உங்களை நினைக்கவே நினைக்காது. மற்றவற்றை ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளி, நன்றாகத் தண்ணீர் விட்டு வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் திரி போடுங்கள். பருத்திப் பனியன் துணி மண்ணுக்குள் சில வாரத்தில் மக்கிவிடும். பாலியஸ்டர் துண்டாகத் தேடி ஒரு விரல் அகலத்தில் கிழித்து, முழுக்க நனைத்து, ஒரு முனையை மண்ணில் மூன்று அங்குல ஆழம் செருகி, மறு முனையை நல்ல தண்ணி நிரப்பிய பாட்டிலின் அடிவரை விடுங்கள். பாட்டிலின் வாயைத் திரி போக மிச்ச இடம் ஃபாயிலால் மூடுங்கள், கொசு புகாது. பாட்டில் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், செடி மூழ்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே போட்டுப் பாட்டிலில் மட்டத்தைக் கோடு போட்டு வையுங்கள். நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் எத்தனை பாட்டில் வேண்டுமென்று தெரிந்துவிடும்.